மையித்துக்குத் தொழுகை கடமையில்லை



நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுப் பின்னூட்டம் போடாமல், முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தரம் 9, 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நயினாதீவுக்குப் போனோம். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கிருந்து படகு. நாகபூசணி அம்மன் கோயில், நாகவிகாரை, பள்ளிவாசல் மூன்றும் அந்தச் சின்னத் தீவுக்குள்ளே இருப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். திரும்பும் வழியில் மண்கும்பானில் பஸ்ஸை நிறுத்தி, பாவா முஹையத்தீன் அத்திவாரம் போட்ட பள்ளியைக் காட்டினோம். அஸர் நேரம். தொழுதோம். வந்துவிட்டோம். அவ்வளவுதான்.

இரவு எட்டு மணிக்குப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு விழுந்தது. பேசியவர் எங்கேயோ இருக்கிற ஒரு மௌலவி. பெயர் வேண்டாம். சாரம் இதுதான்: ஷைகு, முரீது என்பதெல்லாம் இந்துக்களின் குரு சிஷ்ய முறையைக் களவெடுத்தது. மனிதனை மனிதன் பின்பற்றுவது ஷிர்க்கின் வாசல். பிள்ளைகளை அந்த இடத்துக்குக் கூட்டிப்போன ஆசிரியர்கள் தௌபா செய்ய வேண்டும்.

அடுத்த நாளே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பதிவு. எங்களைக் காப்பாற்ற வந்த ஒரு தரீக்காக்காரர் அனுப்பியது. ஷைகு இல்லாதவனுக்கு ஷைத்தான்தான் ஷைகு, முரீது என்பவன் குளிப்பாட்டுகிறவன் கையில் கிடக்கிற மையித்தைப் போல இருக்க வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது, எங்கள் ஷைகு வருகிறார், பைஅத்துக்கு ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்று.

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். எங்களுக்கு இருவரும் ஒரே ஆள்தான். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் மண்கும்பானைப் பற்றி. பேசுகிற பலர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

முஹம்மது ரஹீம் பாவா முஹையத்தீன் எப்போது பிறந்தார் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. எழுதவும் வாசிக்கவும் தெரியாதவர். கதிர்காமத்திலும் ஜெய்லானியிலும் காலம் கழித்து, யாழ்ப்பாணம் வந்து ஓர் ஆச்சிரமம் வைத்தார். வயல் செய்தார், வந்தவர்களுக்குச் சோறு போட்டார், வருத்தக்காரருக்கு ஆறுதல் சொன்னார். முதலில் அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலானோர் சைவக்காரர்கள். ‘சுவாமி’ என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். ஈஸா நபியின் தாயான மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களைத் தம் ஆன்மிக அனுபவத்தில் கண்டதாகச் சொல்லி, 1955இல் மண்கும்பானில் ஓர் ‘இறைவனின் வீட்டுக்கு’ அத்திவாரம் போட்டார். அது இருபது வருடம் அத்திவாரமாகவே கிடந்தது. 1967 அளவில் கொழும்பில் அவருடைய மாணவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், செரண்டிப் சூபி படிப்பு வட்டத்தை அமைத்தார்கள். 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனார். அங்கிருந்து யாழ்ப்பாண ஆச்சிரமத்துக்கு வந்த மாணவர்கள்தான் தங்கள் கையால் மண்கும்பான் வேலையை முடித்தார்கள். 1975 பெப்ரவரி 17ஆம் திகதி அது திறக்கப்பட்டது.

அவர் பேசியது தமிழ். எங்கட தமிழ். நாடாக்களில் பதிந்து, மாணவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்துப் புத்தகமாக்கினார்கள். ரூமியை ஆங்கில உலகம் முழுக்கக் கொண்டுபோன கோல்மன் பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞர், அந்த வேலைக்கு உயிர் தந்தவர் பாவாதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். தீவகத்தில் வெயிலுக்குள் நடந்த ஒரு மனிதரின் தமிழ், உலகத்தின் மறுகரையில் இருந்த ஒருவருக்குப் பாரசீகக் கவிதையின் கதவைத் திறந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

குரல் பதிவு மௌலவிக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவில் ஆரம்பத்தில் ‘குரு பாவா’ என்ற பெயரில்தான் அவருடைய சங்கம் இருந்தது. பிறகு ‘குரு’ என்ற சொல்லைக் கைவிட்டார்கள். அவர் தன்னை எறும்பு என்று சொல்லிக்கொண்டார். 1984இல் அங்கே பள்ளிவாசல் கட்டி ஐந்து நேரத் தொழுகையை நிலைநிறுத்தினார்கள். 1986 டிசம்பர் 8ஆம் திகதி வபாத்தானார். தனக்குப் பின் இன்னார்தான் ஷைகு என்று எவரையும் நியமித்துவிட்டுப் போகவில்லை. வாரிசு வைக்காத ஷைகு! எத்தனை தரீக்காக்களில், எத்தனை ஜமாஅத்துகளில், எத்தனை கட்சிகளில் இப்படி ஓர் ஆளைக் காட்டுவீர்கள்?

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. அவருடைய ஆட்களில் சிலர் அவருக்குக் கொடுக்கிற பட்டங்கள் எங்களுக்கு உடன்பாடில்லை. கபுறுக்கு முன்னால் சுஜூது செய்கிறவனைக் கண்டால் நாங்களும் கையைப் பிடித்துத் தூக்கித்தான் விடுவோம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் ‘மனிதனிடம் மனிதன் மார்க்கம் கற்பதே ஷிர்க்’ என்றால், மௌலவி அவர்களே, நீங்கள் மத்ரஸாவில் ஏழு வருடம் யாரிடம் ஓதினீர்கள்? மலக்குகளிடமா?

உங்கள் பலமான ஆதாரம் எங்களுக்குத் தெரியும். தங்கள் பாதிரிமாரையும் துறவிகளையும் ரப்புகளாக எடுத்துக்கொண்டவர்களைக் குர்ஆன் கண்டிக்கிறது. அதீ இப்னு ஹாதிம் ரலியல்லாஹு அன்ஹு, நாங்கள் அவர்களை வணங்கவில்லையே என்று கேட்டபோது, அவர்கள் ஹலாலை ஹராமாக்கியதையும் ஹராமை ஹலாலாக்கியதையும் நீங்கள் அப்படியே ஏற்றீர்களே, அதுதான் வணக்கம் என்று நபியவர்கள் விளக்கியதாக வருகிறது. சரியான ஆதாரம். ஆனால் அது தர்காவை மட்டும் சுடுகிற துவக்கு இல்லை. யூடியூப்பில் ஒரு மௌலவி சொன்னார் என்பதற்காகப் பெற்ற வாப்பாவுக்கு ஸலாம் சொல்லாமல் விட்ட பொடியனை எங்களுக்குத் தெரியும். அவனுடைய ரப்பு யார்?

இனி மையித்துக் கதைக்கு வருவோம்.

குளிப்பாட்டுகிறவன் கையில் மையித்து. இந்த உவமை பழையது, பெரியவர்கள் சொன்னது. சொன்ன இடத்தில் அதற்கு ஒரு பொருள் இருந்திருக்கும். மமதையை விடு, உனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தை விடு என்று. அதை இப்போது யார் எதற்குப் பாவிக்கிறார்கள் என்று பாருங்கள். மையித்துக்கு வுழு இல்லை. தொழுகை கடமையில்லை. நோன்பு இல்லை, ஸகாத் இல்லை. நன்மையை ஏவவும் தீமையைத் தடுக்கவும் அதனால் முடியாது. மார்க்கமே உயிருள்ளவனுக்கு வந்ததுதான். ஒருவனை மையித்தாக்கிவிட்டு அவனுக்கு எந்தத் தீனைக் கற்றுக் கொடுக்கப் போகிறீர்கள்?

உடனே மூஸா நபி, கிள்ர் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானாகச் சொல்லும்வரை எதையும் கேட்காதே என்று கிள்ர் நிபந்தனை போட்டாரே, பார்த்தீர்களா என்று. பார்த்தோம். ஸூரத்துல் கஹ்ஃபை வெள்ளிக்கிழமை தோறும் நாங்களும் ஓதுகிறோம். முழுவதையும் ஓதுகிறோம், அதுதான் வித்தியாசம்.

அந்தக் கதையில் மூஸா நபி வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா? ஏழைகளின் படகில் ஓட்டை போட்டதைக் கண்டதும் கேட்டார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒருவன் வந்து நெடுந்தீவுக்காரரின் படகில் ஓட்டை போட்டால், ‘ஏதோ ஹிக்மத் இருக்கும்’ என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? சிறுவனைக் கொன்றபோதும் கேட்டார்கள். சுவரைக் கூலியில்லாமல் கட்டியபோதும் கேட்டார்கள். மூன்று தரம். வாக்குக் கொடுத்திருந்தும், கண்ணுக்கு முன்னால் அநியாயம் போலத் தெரிந்தபோது ஒரு நபியால் சும்மா இருக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய பாடம் கடைசியில் இருக்கிறது. பிரியும்போது கிள்ர் என்ன செய்தார்? சபித்தாரா? ‘முரீதாக இருக்கத் தகுதியில்லாதவன்’ என்று ஊரெல்லாம் சொன்னாரா? உட்கார்ந்து மூன்று செயலுக்கும் காரணம் சொன்னார். ஒன்றொன்றாக. விளக்கம் கொடுத்துத்தான் அனுப்பினார். நேரடியாக இறைவனிடமிருந்து அறிவு கொடுக்கப்பட்ட அந்த ஆசிரியரே மாணவனுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவராக நடந்தார் என்றால், மாவட்டத்துக்கு மாவட்டம் வானில் வந்து பைஅத் எடுக்கிற உங்கள் ஷைகு யார், கேள்வி கேட்காதே என்று சொல்ல?

பத்ரில் நபியவர்கள் ஓர் இடத்தில் தங்கியபோது ஹுபாப் இப்னுல் முன்திர் ரலியல்லாஹு அன்ஹு என்ன கேட்டார் என்று ஸீராவில் படித்திருக்கிறோம். இது வஹியா, உங்கள் யோசனையா என்றார். யோசனைதான் என்று பதில் வந்ததும், அப்படியானால் இந்த இடம் சரியில்லை, தண்ணீர்க் கிணற்றுப் பக்கம் போவோம் என்றார். நபியவர்கள் எழுந்து போனார்கள். ஹவ்லா பின்த் ஸஃலபா தன் கணவன் விஷயத்தில் நபியவர்களிடம் வாதாடினார். ஒரு ஸூராவுக்கே ‘வாதாடும் பெண்’ என்ற பெயர். உலகத்திலேயே சிறந்த ஆசிரியருக்கு முன்னால் மாணவர்கள் இப்படித்தான் இருந்தார்கள்.

மண்கும்பான் பள்ளி மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களின் நினைவோடு கட்டப்பட்டது என்றோம். அவர்களை வளர்த்த ஆசிரியர் யார்? ஸக்கரிய்யா நபி. மிஹ்ராபுக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளையிடம் உணவு இருப்பதைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் மாணவியிடம் கேட்கிறார். அல்லாஹ்விடமிருந்து என்று மாணவி சொல்கிறாள். அந்தப் பதிலைக் கேட்ட இடத்திலேயே, கிழவராகிய அந்த நபி கையேந்தித் தனக்கு ஒரு பிள்ளையைக் கேட்டார். தன்னிடம் வளர்ந்த சிறுமியிடமிருந்து நம்பிக்கையைக் கற்றுக்கொண்டார். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஆலிம்சாக்கள் சொல்லித் தரவேண்டிய இடம் இது. எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்?

இதெல்லாம் ஏட்டுக் கதை இல்லை. உயிர் போகிற விஷயம்.

புத்தளத்தில் அகதி முகாமில் இருந்த காலத்தில் எங்கள் உறவில் ஒரு மாமா ஒரு ஷைகிடம் பைஅத் செய்தார். நல்ல மனிதர், தொழுகையாளி. சீனி வருத்தம் இருந்தது. ஷைகு ஓதிக் கொடுத்த தண்ணீர் போதும், ஊசியை நிற்பாட்டு என்று சொல்லப்பட்டது. மாமி கேட்டார், இது சரியா என்று. கேள்வி கேட்டவன் இப்லீஸ் என்று பதில் வந்தது. மாமி வாயை மூடினார். முதலில் மாமாவின் கால் போனது. பிறகு அவரும் போனார். ஜனாஸாவுக்கு ஷைகு வரவில்லை. குளிப்பாட்டுகிறவர் கையில் மையித்தாக மாமா கிடந்ததை அன்றைக்குத்தான் உண்மையாகவே பார்த்தோம்.

இதைக் கேட்டவுடன் தவ்ஹீத் சகோதரர்கள், ‘இதைத்தான் நாங்களும் சொல்கிறோம்’ என்று துள்ள வேண்டாம். 2006 டிசம்பரில் காத்தான்குடியில் பயில்வான் என்ற ஷைகு வபாத்தானபோது, அவருடைய கொள்கை பிடிக்கவில்லை என்று அடக்கிய உடலையே தோண்டியெடுத்தார்கள். 2017 மார்ச் 10இல் அதே ஊரில், அலியார் சந்தியில், அப்துர் ரவூப் மௌலவியின் ஆட்களோடு ஸஹ்ரானின் ஆட்கள் மோதினார்கள். தரீக்காவை மேடை மேடையாக ஷிர்க் என்றவன் ஸஹ்ரான். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் ஈஸ்டர் பூசையில் இருந்தவர்களையும் ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டில் இருந்தவர்களையும் கொன்றார்கள். அதன் பிறகு வந்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். முகத்தை மூடிய பொடியன்கள், கையோடு கை சேர்த்து, கண்ணால் காணாத ஒரு தலைவனுக்குப் பைஅத் செய்கிறார்கள்.

பாருங்கள். ஷைகின் கையைப் பிடிக்காதே என்று கத்திய வாய்தான், தன் கையைப் பிடிக்கச் சொன்னது. எல்லாத் தவ்ஹீத்காரரும் ஸஹ்ரான் இல்லை. மிகப் பெரும்பாலானோர் அவனை வெறுத்தவர்கள், அது எங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்வது வேறு. குரு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் குருட்டுக் கீழ்ப்படிதல் போய்விடாது. அது வேறு உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். மையித்துகளை உருவாக்குகிற தொழிற்சாலை தர்காவிலும் நடக்கும், மர்கஸிலும் நடக்கும்.

அதைக் கடைசியாகக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வடக்கு முஸ்லிம்கள் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் எங்கள் சனத்துக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வாசலில் துவக்கோடு நின்றவர்கள் எல்லோரும் அரக்கர்களா? பக்கத்து ஒழுங்கைப் பொடியன்கள். எங்கள் மூத்த ஆசிரியர்களிடம் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதாக உம்மாமார் சொல்வார்கள். ஏன் என்று மேலே கேட்க முடியாது, கட்டளை. கட்டளைக்கு ஏன் என்று கேட்காத பிள்ளை எப்படி இருப்பான் என்பதை நாங்கள் எங்கள் வாசலிலேயே பார்த்தோம். எங்கள் பிள்ளைகள் அப்படி வளரக்கூடாது.

குரு சிஷ்ய முறை இந்துக்களின் சொத்து என்று மௌலவி ஒதுக்கிவிட்டார். அதற்கும் ஒரு வார்த்தை. இந்த மண்ணில் அந்த முறை எப்படி இருந்தது என்று தெரிந்துதான் பேசினாரா?

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி இருந்தார். ஊர் அவரை விசர்ச் செல்லப்பா என்றது. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த ஒருவர் அவரைத் தேடி வந்தார். அவர்தான் பின்னாளில் யோகர் சுவாமி. கிட்டப் போனால் திட்டு, மறுபடி போனால் துரத்தல். ஆட்களைச் சேர்க்கவில்லை, மடம் கட்டவில்லை, காலில் விழவிடவில்லை. செல்லப்பர் அடிக்கடி சொன்ன வாக்கியங்களில் ஒன்று, ‘நாம் அறியோம்’ என்பது. தெரியாது என்று சொல்லத் தெரிந்த குரு. யோகர் சுவாமி கொழும்புத்துறையில் ஒரு குடிலில் இருந்து 1964இல் காலமானார். அவரிடம் சைவர் மட்டுமா போனார்கள்? எங்கள் அகீதா வேறு, அவர்கள் கொள்கை வேறு. அதில் மயக்கம் இல்லை. ஆனால் ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும் என்பதை அயல் வீட்டிலிருந்து கற்றால் ஈமான் குறைந்துவிடாது. சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் தமிழ் ஆசான் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர். ஓர் இந்துப் புலவர். குணங்குடி மஸ்தான் சாகிபைக் குருவாகக் கொண்டு பாடியவர்களில் ஐயாசாமி முதலியார் இருந்தார். களவெடுத்தது யார், கொடுத்தது யார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சரி, பெற்றோருக்கு. உங்கள் பிள்ளை ஒரு ஷைகிடமோ, ஒரு மௌலவியிடமோ, ஒரு ஜமாஅத்திலோ, ஏன், எங்களிடமோ போகலாம். போகட்டும். தனியாகப் புத்தகம் வாசித்து மட்டும் யாரும் மனிதனாகவில்லை. இமாம் கஸ்ஸாலி அவ்வளவு எழுதியவர், கடைசியில் பழைய மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்காக ‘மகனே’ என்று கூப்பிட்டு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அறிவு அப்படித்தான் கை மாறும். ஆனால் மூன்றைப் பாருங்கள்.

1. கேள்வி கேட்டால் அவர் முகம் எப்படி மாறுகிறது? பதில் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று சொல்கிறாரா, ‘அதபு இல்லை’ என்று பிள்ளையை அடக்குகிறாரா?

2. கதவு திறந்திருக்கிறதா? தனியறை, இரகசிய இஜாஸா, வீட்டில் சொல்லாதே, காசு கொண்டு வா. இதில் ஒன்று இருந்தாலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

3. விட்டுப் போகலாமா? கிள்ர் மூஸாவைப் போகவிட்டார். போகிறவனை முர்தத் என்றும், சாபம் விழும் என்றும் மிரட்டுகிறவர் ஆசிரியர் இல்லை.

இந்த மூன்றையும் எங்கள் மீதும் வையுங்கள். தடியோடு வகுப்புக்குள் போகிற ஆசிரியர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். ‘சேர் சொன்னால் சரி’ என்று எழுதினால் புள்ளி, மாற்றி யோசித்தால் வெட்டு என்று எத்தனை விடைத்தாள் திருத்தியிருக்கிறோம். மையித்துப் பாடம் மத்ரஸாவில் தொடங்கவில்லை, எங்கள் கரும்பலகையில்தான் தொடங்குகிறது. அதையும் ஒத்துக்கொள்கிறோம்.

இன்னொரு பிழையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அனுமதிக் கடிதத்தில் ‘நயினாதீவு’ என்று மட்டும்தான் எழுதினோம். மண்கும்பானில் நிறுத்துவோம் என்று எழுதவில்லை. போகிற வழிதானே என்று விட்டுவிட்டோம். கேட்கிற உரிமை பெற்றோருக்கு இருக்கிறது என்று இவ்வளவு நீளமாக எழுதிவிட்டு, அதை மறைக்க முடியாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

தௌபா அல்லாஹ்விடம் தினமும் கேட்கிறோம். மண்கும்பானில் அஸர் தொழுததற்காகக் கேட்க மாட்டோம்.

அன்றைக்குத் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது தரம் 9 பிள்ளை ஒன்று கேட்டது: “ரீச்சர், எழுதத் தெரியாத ஆளிட்ட படிச்ச ஆக்கள் எப்பிடிப் படிச்சவை?” எங்களில் யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ‘தெரியாது மகள், யோசிப்பம்’ என்றோம். பஸ் பண்ணைக்கு வரும்வரை பிள்ளைகள் அதைப் பற்றியே கதைத்தார்கள். அந்த நாளின் பாடம் அதுதான்.

அடுத்த தவணையும் போவோம். இந்த முறை கடிதத்தில் மண்கும்பான் என்று எழுதியே அனுப்புவோம். விருப்பமில்லாத பெற்றோர் கையெழுத்துப் போடாமல் விடலாம். ஏன் என்று கேட்க வேண்டுமானால் பாடசாலைக்கு வாருங்கள், இருந்து கதைப்போம். குரல் பதிவு மட்டும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.